கேட்டைக் கழற்றிக்கொண்டு சிதம்பரத்துக்கு

2012 மார்ச், சனிக்கிழமை. ஈரோட்டில் முந்தின நாள் ஜவுளிக்கடையில் கணக்கு முடித்த கையோடு கிளம்பி, சேலத்தில் ஒரு பஸ், உளுந்தூர்பேட்டையில் ஒரு பஸ் என்று மாறி, காலை ஆறரை மணிக்குக் கடலூர் முதுநகரில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்குகிறேன். என் அக்கா புருஷன் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சொந்த வீட்டு கேட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

"வா மச்சான். அந்தப் பக்கம் புடி, கால் மேல வுழுந்துடப் போவுது."

தோளில் பையோடு பிடித்தேன். இடுப்பு உயரத்துக்கு ஒற்றைக் கதவு கேட்தான், ஆனாலும் இரும்பு இரும்புதானே. உப்புக் காற்றில் துருவேறி, போல்ட்டெல்லாம் தூணோடு ஒட்டிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து ஸ்பேனர் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னா மாமா, பெயின்ட் அடிக்கவா?"

"சிதம்பரத்துக்கு எடுத்தும் போறம்."

ராத்திரித் தூக்கம் போன எரிச்சல் வேறு. வாயில் நல்லா வந்தது, அடக்கிக்கொண்டேன். 'கிளி கெடச்சா மாதிரி இருக்குது, ஒடனே கெளம்பி வா' என்றுதான் போனில் சொல்லியிருந்தார். கேட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

படிப்பவர்களுக்கு இந்த இடத்தில் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். மாமா துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் பிளான்ட்டில் மெக்கானிக். அக்கா விமலா போன சித்திரையில் கிட்னி கெட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. இருந்தது ஒரு கிளி. மூன்று வருஷத்துக்கு முன்னால் காடாம்புலியூரில் யாரோ பட்டுப்போன பலா மரம் ஒன்றைச் சாய்த்தபோது பொந்திலிருந்து விழுந்த குஞ்சு. இறகு முளைக்காமல், கண் திறக்காமல், பார்க்கவே அருவருப்பாக இருந்ததை அக்கா பொட்டுக்கடலை மாவு கரைத்துப் புகட்டி ஆளாக்கினாள். நாட்டுக் கிளியை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "செத்துப் போவ வுட்டா மட்டும் சட்டம் மெடல் குடுக்குமா?" என்பாள். கழுத்தில் வளையம் இல்லாததால் பொட்டைக் கிளி என்று முடிவு கட்டி ராணி என்று பேர் வைத்தாள். ஆண் கிளிக்கு மூன்றாம் வருஷம்தான் வளையம் வரும் என்று எங்கள் குடும்பத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. அக்கா போன பிறகு, ஐப்பசி மழையில், ராணிக்குக் கழுத்தைச் சுற்றி ரோஸும் கறுப்புமாக வளையம் ஏறியது. பேரை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை.

எனக்கும் அந்தக் கிளிக்கும் ஆகவே ஆகாது. என் கட்டை விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. அது கடிப்பதற்கு முன்னால் கண்ணுக்குள் கறுப்பு மணி சுருங்கும், விரியும், சுருங்கும். அதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட வேண்டும். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லித் தொலைக்கவில்லை. பச்சை மிளகாயைக் கடுகளவு காரம்கூடத் தெரியாமல் தின்னும். எதையும் முழுசாகத் தின்னாது. கொய்யாவை ஒரு கடி கடித்துவிட்டு, நாம் கூட்டி முடித்த தரையாகப் பார்த்துப் போடும்.

ஆனால் அதுக்கு ஒரு பேச்சு உண்டு. கேட் தாழ்ப்பாள் 'டணார்' என்று விழுந்தால் உடனே, "வந்துட்டீங்களா?" என்று கேட்கும். அசல் அக்கா குரல். அவளுக்கு வருஷம் பூராவும் மூக்கடைப்பு. அந்த மூக்கடைப்போடு, 'வந்துட்டீங்'கில் ஒரு இழுப்பு இழுத்துக் கேட்கும். அவள் மாமாவைக் கேட்கிற கேள்வி அது. கிளிக்கு அர்த்தமா தெரியும்? இந்தச் சத்தத்துக்கு அப்புறம் இந்தச் சத்தம், அவ்வளவுதான் அதன் கணக்கு. ஆடு முட்டித் திறந்தாலும் கேட்கும், பால்காரரையும் கேட்கும். நான் ஊருக்குக் கிளம்பி வெளியே போய்த் தாழ்ப்பாள் போட்டால்கூட, "வந்துட்டீங்களா?" அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். "போறவன வந்துட்டியான்னு கேக்குது பாரு" என்பாள்.

அவள் போன பிறகு எட்டு மாதம் அந்தக் குரல் வீட்டில் இருந்தது. அவள் பேச்சு வேறு எதிலும் பதிவாகியிருக்கவில்லை. கல்யாணக் கேசட்டில்கூட நாதஸ்வரம்தான். பிறகு மார்கழியில் 'தானே' புயல் வந்தது. விடியற்காலையில் தகரக் கூரையோடு கூண்டையும் தூக்கிக்கொண்டு போனது. காற்று நின்ற பிறகு, எதிர் வீட்டுத் தென்னை மட்டைகளுக்கு அடியில் கூண்டு கிடைத்தது. கதவு பிய்ந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. வருகிற சித்திரையில் அக்காவுக்கு வருஷத் தெவசம். "அதுக்குள்ள அந்தக் கொரல ஒரு தரம் இந்த வூட்ல கேட்டுடணும் மச்சான்" என்று மாமா போகிப் பண்டிகையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாளைக்கு முன்னால் அன்வரிடமிருந்து போன் வந்திருக்கிறது. அன்வர் லால்பேட்டைக்காரர். முதுநகரிலிருந்து விடியுமுன்பே ஐஸ் மீன் ஏற்றிச் சிதம்பரம் மார்க்கெட்டுக்கு வேன் ஓட்டுகிறவர். அக்கா கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவர். சிதம்பரம் கீழ சன்னதித் தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தாராம். கடைக்காரர் இரும்பு கிரில் கதவின் தாழ்ப்பாளைத் தள்ளியிருக்கிறார். கோபுரத்து மேலேயிருந்து, "வந்துட்டீங்களா?" அன்வர் கையிலிருந்த டீ சிந்திவிட்டதாம். "அண்ணி கொரல் எனக்குத் தெரியாதாண்ணே?" என்று அழுதிருக்கிறார். புயல் தள்ளிக்கொண்டு போன கிளி தெற்கே நாற்பத்தைந்து கிலோமீட்டர் தாண்டிப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"சரி மாமா, தாழ்ப்பாள் சத்தத்துக்குத்தான் பேசுது. தாழ்ப்பாள மட்டும் கழட்டி எடுத்தும் போவலாமே. கேட்டு எதுக்கு?"

"தட்டிப் பாத்தன் மச்சான். தனியா கையில வெச்சித் தட்னா 'டிக்'குன்னுது. கேட்டு அதிரணும். தூண்ல இருக்கிற பட்டையில வுழணும். அப்பதான் நம்ம வூட்டுச் சத்தம்."

தூணில் பதித்திருந்த இரும்புப் பட்டையையும் உளி வைத்துப் பேர்த்து எடுத்தார். அந்த ஊரில் வேறு எந்த மெக்கானிக்கும் இப்படி ஒரு முடிவுக்கு வந்திருக்க மாட்டான் என்று நினைத்தேன். ஆனால் எனக்கும் அந்தக் குரல் வேண்டியிருந்தது. அவள் எனக்கும் அக்காதானே. வாயை மூடிக்கொண்டு பிடித்தேன்.

எட்டரை மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நின்றோம். மாமா தலையில் கேட், என் கையில் பழைய லுங்கி சுற்றிய கூண்டு. சிதம்பரம் பஸ் வந்தது. கண்டக்டர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"யோவ், என்னாய்யா இது? யார் வூட்டுக் கேட்டு?"

"எங்க வூட்டுது சார்."

"அவுங்கவுங்க வூட்டுக் கேட்ட அவுங்கவுங்களே தூக்கினு போவாங்களா? புயல் அடிச்சதுலேர்ந்து இரும்பு திருட்டு ஜாஸ்தியாப் போச்சு. ஸ்டேஷனுக்குப் போன் போடவா?"

விசில் அடித்துவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள். எனக்கு மானம் போனது. மாமாவுக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. "ரயில்ல போயிடலாம் வா" என்று ஜங்ஷனைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

பத்து மணி வாக்கில் பாசஞ்சர் வந்தது. டிக்கெட் தலைக்கு எட்டு ரூபாய். கேட்டைக் கதவோரம் சாய்த்து, நாங்கள் இருவரும் அதன் மேல் சாய்ந்துகொண்டோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று வண்டி நின்று நின்று போனது. புயல் போய் மாதங்கள் ஆகியும் சவுக்குத் தோப்புகள் சீப்பில் பல் உடைந்த மாதிரி இருந்தன. தென்னைகள் கொண்டை இல்லாமல் நின்றன. காலையில் நான் வந்த பண்ருட்டிப் பக்கம் இதைவிட மோசம். முந்திரியும் பலாவும் வேரோடு புரண்டு கிடப்பதைப் பஸ் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டேதான் வந்தேன்.

"கிளி தானா பொந்து கொத்தாது மச்சான்" என்றார் மாமா, வெளியே பார்த்தபடி. "மரங்கொத்தி கொத்திப்போட்ட பொந்தோ, உளுத்துப்போன மரமோ வேணும் அதுக்கு. இவ்ளோ மரம் வுழுந்துடுச்சே. எல்லாம் எங்க போவும்? கோபுரத்துலதான் பொந்து இருக்குது. அங்கதான் போயிருக்கும்."

பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. அடுத்தது கிள்ளை. கிள்ளை என்றாலே கிளிதான். அந்த ஸ்டேஷனில் ஒரு காக்காய்கூட இல்லை. மாமா அதையும் ஒரு சகுனமாக எடுத்துக்கொண்டு முகம் வாடிவிட்டார். சட்டைப் பையிலிருந்து மாத்திரை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தார்.

"என்னா மாத்திர அது?"

"சும்மா. நெஞ்சுக்கு."

"எப்பலேர்ந்து?"

"கிளி போனதுலேர்ந்து."

கிடைக்காவிட்டால் இந்த மனுஷனை எப்படித் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்ற பயம் அப்போதுதான் பிடித்தது. கேட்டைப் பற்றி அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்தையும் கிண்டலாகப் பேசவில்லை.

சிதம்பரம் ஸ்டேஷனிலிருந்து கீழ சன்னதிக்கு ஆட்டோ. அறுபது ரூபாய் கேட்டார், கேட்டுக்கும் சேர்த்து. டீக்கடை வாசலில் அன்வர் காத்திருந்தார். மாமாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "இருக்குதுண்ணே. காலையிலகூடப் பாத்தன். கழுத்துல சேப்பு வளையம், வால்ல ஒரு எறகு பாதியா ஒடிஞ்சிருக்குது. நம்ம ராணிதான், இன்ஷா அல்லாஹ்."

நிமிர்ந்து பார்த்தேன். கீழக் கோபுரம் ஏழு நிலை. கீழே கல் கட்டு, அதன் மேலே சுதைப் பொம்மைகள். ஒவ்வொரு பொம்மையின் இடுக்கிலும் அக்குளிலும் பச்சையாக ஏதோ நெளிந்தது. ஒரு கிளி தலைகீழாகத் தொங்கியது. இன்னொன்று அலகால் ஒரு பொம்மையின் காதைக் கவ்விக்கொண்டு, மூன்றாவது கால் மாதிரி அதை வைத்து மேலே ஏறியது. எல்லாம் ஒரே பச்சை, எல்லாம் ஒரே மூக்கு. அடக் கடவுளே, இதில் நம்மது எது?

உச்சி வெயில் தணியட்டும் என்று காத்திருந்து, பகல் மூன்று மணிக்கு முதல் தடவை முயன்றோம். டீக்கடை ஓரம் நானும் அன்வரும் கேட்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டோம். மாமா ஒரு கையில் தூண் பட்டையைப் பிடித்து, மறு கையால் தாழ்ப்பாளை இழுத்து விட்டார். டணார். முதுநகர் வீட்டுச் சத்தம் அப்படியே இருந்தது. அடுத்த நொடி அவள் கேட்கப்போகிறாள் என்று காது தானாக எதிர்பார்த்தது.

மேலே ஒரு சலனமும் இல்லை. டணார். டணார். தெருவில் போனவர்கள் நின்றார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசிய பெரியவர் ஒருவர் வந்து கேட்டைத் தடவிப் பார்த்தார். "உபயமா? எந்தச் சன்னதிக்கு?" என்று கேட்டார்.

"இல்லீங்க. கிளிக்கு" என்றார் மாமா.

பெரியவர் எங்களைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

நாலரைக்கு இன்னொரு தடவை. இப்போது பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து வந்துவிட்டாள். லுங்கியை விலக்கிக் கூண்டைப் பார்த்ததுதான் தாமதம், பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பேசற கிளியப் புடிக்க வந்தீங்களா? வர்றவங்கள எல்லாம் சாமியே 'வந்துட்டீங்களா'ன்னு கேக்குதுன்னு ஊரே சொல்லுது. அதப் புடிச்சினு போவ வந்தீங்களா? கூப்புடவா போலீஸ?"

"அது எம் பொண்டாட்டி கொரல்மா" என்றார் மாமா.

அவள் ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தாள். கோபம் தணிந்ததா என்று தெரியவில்லை. "கேக்கறதுன்னா கேட்டுட்டுப் போங்க. கூண்டத் தொறந்தீங்க, சத்தம் போட்டுடுவன்" என்று சொல்லிவிட்டு, பூக்கூடையை எங்களுக்கு நேர் எதிரே நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் வல்லூறு வந்தது. எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை. ஒரு சாம்பல் கோடு மாதிரி கோபுரத்தின் குறுக்கே பாய்ந்தது. ஒரே நேரத்தில் அத்தனை கிளிகளும் கீச்சிட்டுக்கொண்டு கலைந்தன. வானம் பச்சையாகத் தெறித்தது. ஒன்றை அது கால்களில் அமுக்கிக்கொண்டு தேரடிப் பக்கம் தாழப் பறந்தது. காற்றில் இரண்டு மூன்று பச்சை இறகுகள் சுற்றிச் சுற்றி இறங்கின. ஒன்று தெருவில், எங்களுக்குப் பத்தடி தள்ளி விழுந்தது.

மாமா கேட்டை விட்டுவிட்டு ஓடினார். இறகை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ராணியோடதா மச்சான்? சொல்லு, ராணியோடதா?" எனக்கு என்ன தெரியும்? பச்சை இறகுதான். நான் அன்வரைப் பார்த்தேன். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது, என்ன ஓதினார் என்று கேட்கவில்லை. மாமாவை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். இறகை அவர் கையிலிருந்து வாங்க முடியவில்லை.

"போலாம் மாமா" என்றேன். பயந்துபோய்த்தான் சொன்னேன்.

"பொழுது சாயட்டும். கிளி எங்க சுத்தினாலும் பொழுது சாய அடைய வந்துடும்."

ஐந்தரைக்கு மேல் வர ஆரம்பித்தன. ஐந்து, பத்து என்று கூட்டம் கூட்டமாக, வளையாமல் நெளியாமல் நேர் கோட்டில், வழியெல்லாம் கத்திக்கொண்டே. வயலில் கதிர் தின்றது, தோப்பில் கொய்யா கடித்தது எல்லாம் வந்து சேர்ந்தது. இடத்துக்குச் சண்டை. பெரிய பெரிய ஆண் கிளிகள்கூடப் பெட்டை முறைத்தால் தள்ளி உட்கார்ந்தன. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிற அன்வர் பேசுவதே எனக்குக் கேட்கவில்லை. தாழ்ப்பாள் சத்தம் எங்கே போய் எடுபடப்போகிறது? வெளிச்சமோ நிமிஷத்துக்கு நிமிஷம் மங்கிக்கொண்டே போனது. இருட்டிவிட்டால் கிளி அசையாது, எங்கள் கதை முடிந்தது.

மாமா எழுந்தார். "தூக்குங்க" என்றார். நிமிர்த்தினோம். பட்டையைப் பிடித்தார், தாழ்ப்பாளை முழுக்க இழுத்து ஓங்கி விட்டார்.

டணார்!

"வந்துட்டீங்களா?"

கல் கட்டு முடிந்து சுதை தொடங்குகிற இடத்திலிருந்து, ஒரு பூதத்தின் முட்டிக்குக் கீழேயிருந்து வந்தது. மூக்கடைப்பும் அந்த இழுப்பும் அப்படியே. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் அக்கா கேட்கிறாள், அய்யா, என் அக்கா கேட்கிறாள்! கேட்டை விட்டுவிடாமல் பிடித்திருந்ததே பெரிய காரியம்.

"வந்துட்டேன் விமலா" என்றார் மாமா, அண்ணாந்து பார்த்து. "வந்துட்டேன்."

ஒரு பச்சை உருவம் பூதத்தின் காலைவிட்டுக் கிளம்பி, ஒரு வட்டம் அடித்து, நேராக எங்கள் கேட்டின் மேல் கம்பியில் வந்து உட்கார்ந்தது. முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல், இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உடைந்த வாலோடு. அந்தக் கேட்டை அது அடையாளம் கண்டுகொண்டதா என்று எனக்குத் தெரியாது. கம்பியோடு பக்கவாட்டில் நடந்து மாமா கைக்கு வந்தது. அலகால் சட்டையைக் கவ்வி, கை வழியாக ஏறி, தோளில் போய் நின்று, அவர் காது மடலை மென்மையாகக் கடித்தது. முன்பு தினமும் செய்கிற வேலை.

மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சை மிளகாயை எடுத்தார். ராணி இடது காலால் வாங்கிக்கொண்டு கொறித்தது. கண் மணி சுருங்கி விரிந்து சுருங்கியது. நான் கூண்டின் கதவைத் திறந்து அவர் தோளுக்குக் கீழே நீட்டினேன். பூக்கார அம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். ஆனால் சத்தம் போடவில்லை.

"புடிங்க மாமா" என்று கிசுகிசுத்தேன். "கைய மூடுங்க, போதும்."

அவர் கை எழுந்தது. கிளியின் முதுகுக்கு மேலே கவிழ்ந்து நின்றது. ஒரு அங்குலம்தான் இடைவெளி.

மேலேயிருந்து ஒரு கத்தல். கூர்மையாக, இரண்டு தரம். ராணி மிளகாயை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்து மேலே பார்த்தது. நாங்களும் பார்த்தோம். பூதத்தின் முட்டிக்குக் கீழே பொந்திலிருந்து வளையமில்லாத ஒரு தலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி கத்தியது.

மாமா கை அப்படியே நின்றது. ராணி பறந்தது. பொந்து வாசலில் தொற்றிக்கொண்டு, தலையை மேலும் கீழும் ஆட்டி, தொண்டையிலிருந்து கக்கி அந்த வாயில் வைத்தது. அந்தத் தலை வாங்கி விழுங்கியது. மறுபடி வைத்தது. மறுபடி வாங்கியது.

"அடைக்கு உக்காந்திருக்குது" என்றார் மாமா. "பொட்டக் கிளி முட்டைய வுட்டு நவுராது. ஆண் கிளி கொண்டாந்து குடுத்தாத்தான் அதுக்குச் சோறு."

என்ன நினைத்ததோ, ராணி மறுபடி இறங்கி வந்தது. அதே தோள், அதே காது மடல். ஒரு மனுஷனுக்கு இரண்டாவது தடவை இப்படி வாய்க்குமா? கூண்டு என் கையில் திறந்தே இருந்தது.

மாமா கையை நீட்டி, கூண்டின் கதவைச் சாத்தினார். பையில் மிச்சமிருந்த மிளகாயை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகக் கொடுத்தார். ராணி பாதி கடித்துப் பாதியைத் தெருவில் போட்டது. "போடி" என்றார். அப்புறம் திருத்திக்கொண்டு, "போடா, கொண்டும் போயிக் குடு" என்றார். தோளை லேசாக ஆட்டினார். பறந்துவிட்டது.

எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சம் இல்லை. "என்னா மாமா பண்ணிட்டீங்க? ராத்திரி பூரா தூங்காம இதுக்கா வந்தன்? அவ கொரல் கைக்கு வந்துது, கைக்கு வந்துது! உங்களுக்குப் பொண்டாட்டின்னா எனக்கு அக்கா இல்லியா? ஒரு தரம், ஒரே ஒரு தரம் அந்த வூட்ல கேக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?" தெருவில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மாமா கேட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "கடசி ஆறு மாசம் அவளுக்கு நான்தான மச்சான் ஊட்னேன். பிளான்ட்ல மெஷின் மக்கர் பண்ணி நான் லேட்டா போற அன்னிக்கி, வாசலையே பாத்துனு கெடப்பா. பசிக்குதுன்னு சொல்ல மாட்டா. வந்துட்டீங்களான்னு மட்டும் கேப்பா." நிறுத்தி மூச்சு வாங்கினார். "அந்தப் பொந்துல ஒருத்தி அப்பிடிப் பாத்துனு கெடக்கறது எனக்கு வாணாம்."

லுங்கியை எடுத்துக் கூண்டின் மேல் திரும்பச் சுற்றினேன். பூக்கார அம்மாள் வந்து ஒரு முழம் கதம்பத்தைக் கேட்டின் தாழ்ப்பாளில் சுற்றிவிட்டு, "வூட்ல படத்துக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே மாலைப் பூஜை மணி ஆரம்பித்தது. கிளிகளின் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தது.

அன்வர் வேனில் திரும்பினோம். கேட் பின்னால் மீன் பெட்டிகளோடு படுத்துக்கொண்டு வந்தது. வழியில் மாமா ஒரு தரம் சிரித்தார். "ராணிக்கு ஒரு ராணி கெடச்சிட்டா பாரு" என்றார். பிறகு முதுநகர் வரும்வரை தூங்கினார். மாத்திரை போடவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை. கேட்டைத் திரும்ப மாட்டினோம். பட்டையைச் சிமென்ட் வைத்துப் பூசி, போல்ட் முடுக்கி, கீலுக்கு கிரீஸ் போட்டார் மாமா. கதம்பம் அக்கா படத்தில் இருந்தது. ஒன்பது மணிக்கு நான் கிளம்பினேன். ஈரோட்டில் என் வீட்டில் காலிங் பெல்தான். அழுத்தினால் ஏதோ பறவை கத்துகிற மாதிரி ஒரு சத்தம் போடும், பிறகு யாராவது டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் வந்து கதவைத் திறப்பார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. போனதும் முதல் வேலையாக அந்த பெல்லைக் கழற்றி எறிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பையை மாட்டினேன்.

"வரேன் மாமா."

"போன் பண்ணு" என்று உள்ளேயிருந்து சொன்னார். அடுப்படியில் டீ கிளாஸ் கழுவுகிற சத்தம் கேட்டது.

வெளியே வந்து கேட்டைச் சாத்தினேன். சிமென்ட் ஈரம் என்பதால் மெதுவாகத்தான் தாழ்ப்பாளை விட்டேன். ஆனாலும் டணார் என்று விழுந்தது. பழைய பழக்கம், கால் தானாக நின்றுவிட்டது. அந்தச் சத்தத்துக்கு அப்புறம் வர வேண்டிய சத்தம் வரவில்லை. அடுப்படியில் கிளாஸ் கழுவுவதும் நின்றிருந்தது. வீட்டுக்குள் அவரும், தெருவில் நானும், அதையே கேட்டுக்கொண்டு நின்றோம்.

பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. கரகரத்த ஆம்பளைக் குரல். 'வந்துட்டீங்'கில் மட்டும் அந்த இழுப்பு.

"வந்துட்டீங்களா?"

தோளில் பையோடு, தெருவைப் பார்த்து நின்றுகொண்டே சொன்னேன்: "வந்துட்டேன் மாமா."